சமதரையில் தேய்ந்த பிரேக்

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, புடவைகளுக்கு அடியில் கையை விட்டு எடுத்தது மோட்டார் சைக்கிளின் பிரேக் பேட். ஒன்றல்ல, ஒரு பை நிறைய. ஒரு பேட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்தியாவில இருந்து வாற பொம்பிளையள் சீலை கொண்டு வருவினம், முறுக்கு கொண்டு வருவினம். நீங்கள் என்ன, கராஜ் திறக்கப் போறீங்களோ எண்டு சேர் கேக்கிறார்."

"என் தங்கச்சிக்கு" என்றேன். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் பிரேக் பேட் கொண்டுபோவதில் என்ன நகைச்சுவை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தங்கச்சி என்றால் என் சித்தப்பா மகள் புவனா. அப்பாவும் சித்தப்பாவும் இலங்கை மலையகத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி அப்பாவைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நாங்கள் கூடலூர்க்காரர்கள் ஆனோம். சித்தப்பா கலவரத்துக்குப் பயந்து வன்னிக்குப் போய், நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் குடியேறினார். கணவன் இறந்த பிறகு புவனா அவனுடைய மோட்டார் சைக்கிளை எடுத்துப் பால் சேகரிக்கப் புறப்பட்டாள். விடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் பாலை வாங்கி, இரண்டு பக்கமும் கேன் கட்டி, வெயில் ஏறுவதற்குள் நெடுங்கேணியில் பால் சங்கத்தின் நிலையத்தில் சேர்க்க வேண்டும். பிந்தினால் பால் திரைந்துவிடும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவது அந்தப் பாலில்தான்.

வைகாசிக்குப் பிறகு அந்த வண்டிக்கு என்னவோ பிடித்துவிட்டது. முன்பிரேக் பேட் போட்ட வேகத்தில் தேய்கிறது. சக்கரம் முழுக்கக் கரித்தூள். கடைசியில் ஒருநாள் முன்சக்கரம் தானாக இறுகி, கேன்களோடு கிரவல் மண் பாதையில் விழுந்திருக்கிறாள். அன்று முழுப் பாலும் மண்ணுக்குப் போனது. தொலைபேசியில் அழாமல்தான் பேசினாள். "இங்க கிடைக்கிறதெல்லாம் டூப்ளிகேட்டுன்னு மெக்கானிக் சொல்றாருக்கா. ஒரிஜினல் கிடைச்சா அனுப்புங்க. வெள்ளிக்கிழமை சங்கத்துல கூட்டம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்லி என் ரூட்ட வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க."

நான் கூடலூரில் பெண்களுக்கு இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு பேட்டைத் தபாலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியுமா?

வவுனியாவில் பஸ் ஏறினேன். எங்கள் ஊரில் டிரைவர் ஒரு வளைவில் நுழையும்போதே அடுத்த வளைவுக்குப் பிரார்த்தனை செய்வார். இங்கே ரோடு மூங்கில் கழி போல நீட்டி நிமிர்ந்து கிடக்கிறது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. புளியங்குளத்தில் கிழக்கே திரும்பிய பிறகு இரு பக்கமும் காடு, நடுநடுவே அறுத்து முடிந்த வயல். ஓரிடத்தில் மாடுகள் நடுரோட்டில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. கண்டக்டர் இறங்கிப்போய் அவற்றோடு மிக மரியாதையாகப் பேசினார். மாடுகள் எழுந்தன, பஸ் கிளம்பவில்லை. ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று அறிவிப்பு வந்தது.

தள்ள இறங்கிய இரண்டு பேர் என் ஜன்னலுக்குக் கீழே நின்று கதைத்தார்கள்.

"உந்தப் பால் எடுக்கிற பிள்ளை விழுந்ததாமே?"

"ஓம். விழாமல்? நான் எத்தனை நாள் அவவுக்குப் பின்னால போய்ப் பாத்தனான். பிறேக் லைட் அணையிறதே இல்லை. பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டே ஓடினா தேயாமல் என்ன செய்யும்? பொம்பிளையளுக்குப் பயம் கண்டியோ."

"சங்கத் தலைவர் ஆளை மாத்தப் போறாராம்."

"அதுதான் நல்லது."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. தலையை வெளியே நீட்டி, "நீங்க எந்த ஊர்ல லைசென்ஸ் எடுத்தீங்க?" என்று கேட்டேன். பின்னால் போய் வேடிக்கை பார்த்தவர் அண்ணாந்து பார்த்தார். "அம்மா இந்தியாவோ?" என்றார் சிரித்த முகத்தோடு. அடுத்த கேள்வி தயாராக இருந்தது. அதற்குள் பக்கத்து இருக்கை அம்மா ஒரு கை நிறையப் பாலைப்பழம் தந்து, "சாப்பிடுங்கோ, இந்த வெயிலுக்கு நல்லது" என்றார். மஞ்சள் முத்து மாதிரிச் சின்னப் பழம், தேன் போல இனிப்பு, ஆனால் அதன் பால் உதட்டில் பசை போல ஒட்டிக்கொள்ளும். நான்கு பழம் தின்றதும் வாய் ஒட்டிக்கொண்டது. சண்டை அத்தோடு போனது. பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் இருமலைப் பற்றி விசாரித்தார். புவனா தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தாள். கூடலூரில் அம்மா சுடும் அதே ரொட்டி, அதே தடிப்பு. கடலைத் தாண்டி அது மாறவில்லை. என்னோடு பேசும்போது புவனா எங்கள் தோட்டத்துத் தமிழ் பேசுகிறாள். வாசல் படலையில் யாராவது கூப்பிட்டால் "ஓம், வாறன்" என்று வன்னிக்காரி ஆகிவிடுகிறாள். சாப்பிட்ட கையோடு வண்டியைப் பார்க்கப் போனேன்.

முன்சக்கரத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். அடுப்புக்கரியைத் தொட்ட மாதிரி வந்தது. இந்த ஊர்ப் புழுதி சிவப்பு. வண்டியின் மற்ற இடமெல்லாம் அந்தச் சிவப்புத்தான். முன்சக்கரம் மட்டும் கறுப்பு. இது பாதையில் இருந்து வந்ததல்ல, பேட்டில் இருந்து கொட்டியது. என் ஆத்திரம் அப்போதுதான் சரியாகக் கொதிக்கத் தொடங்கியது. கூடலூரில் இருந்து கீழே இறங்கினால் வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்தாக வேண்டும். லாரிகள் எல்லாம் கருகிய நாற்றத்தோடுதான் கீழே போய்ச் சேரும். அங்கேயே என் மாணவிகளின் பிரேக் பேட் ஒரு வருடத்துக்குக் குறையாமல் வருகிறது. தட்டில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும் இந்தச் சமதரையில், மாடு குறுக்கே வந்தால் தவிர பிரேக்கே தேவைப்படாத இந்த ஊரில், அது எப்படிச் சில வாரத்தில் தேயும்?

மறுநாள் விடிகாலை பாலெடுக்க அவளோடு பின்னால் உட்கார்ந்து போனேன். கேன்களுக்கு நடுவில் காலை மடக்கி உட்காருவது ஒரு தனி யோகாசனம். அவள் ஓட்டுவதை ஒரு வாத்தியார் கண்ணோடு தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. குழி வருமுன் கியரைக் குறைக்கிறாள், மணலில் நேராகப் பிடிக்கிறாள், பின்பிரேக்கை மெல்ல மிதிக்கிறாள். விழுந்த நாளில் இருந்து முன்பிரேக்கை அவள் விரலால்கூடத் தொடுவதில்லை. தொடாத பிரேக்தான் தேய்கிறது! கடைசி வீடுகளை எட்டும்போது கருகிய வாடை வந்தது. வண்டி நுகத்தடி வைத்த மாடு மாதிரி முனகியது. நிறுத்தி ஆற விட்டு, திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தி, பால் நிலையத்துக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. பாலைச் சோதித்தவர் முகம் சுளித்தபடி எடுத்துக்கொண்டார். "இப்படிப் பிந்தினா ஏலாது பிள்ளை" என்றார். புவனா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நேரே நெடுங்கேணிச் சந்தியில் உள்ள கராஜுக்குப் போனோம். மெக்கானிக் நான் கொண்டுவந்த பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினார். "இதுதான் சாமான். இனிப் பிரச்சினை இராது." அவர் வேலை செய்த விதத்தில் ஒன்றை நான் மெச்சினேன். வண்டியின் வலது கைப்பிடியில் வற்றாப்பளை அம்மன் கோயில் நூல் கட்டியிருந்தது. அந்தக் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போகிற வருடமெல்லாம் கட்டியது. பழையதை அவிழ்ப்பதில்லை, அதன் மேலேயே புதியது. மஞ்சளும் சந்தனமும் எண்ணெயும் புழுதியும் ஏறி விரல் தடிப்புக்கு உருண்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சுமுன் மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்த நூலுக்கு மேல் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுக் கட்டினார். எவ்வளவு பயபக்தி என்று நினைத்தேன்.

பேட்டை மாட்டி முடித்தபின் அவர் புவனாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: "அக்கா, சாமான் நல்லது. ஆனால் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ, பிறேக்கில இருந்து கையை எடுத்திட்டு ஓடச் சொல்லி."

"அவள் கை வைக்கிறதே இல்லை. நான் பார்த்தேன்."

"தெரியாமல் வைப்பினம் அக்கா. பொம்பிளையள்தானே."

ஸ்பானர் பக்கத்தில்தான் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

அடுத்த நாள் பாலெடுத்து முடித்து வந்து பார்த்தால், கடல் தாண்டி வந்த என் ஒரிஜினல் பேட்டும் கரியைக் கொட்டியிருந்தது. அப்படியானால் டூப்ளிகேட் கதை பொய். சரி, பெரிய ஊரில் பெரிய கராஜுக்கே போவோம் என்று புவனாவைக் கிளப்பிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனேன். வழியில் ஆற விட்டு ஆற விட்டுப் போய்ச் சேர மத்தியானம். ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை. சிவப்பரிசிச் சோறு, குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை, சொதி. கேட்காமலே இரண்டாம் முறை சோறு வைத்தார்கள். கூடலூரில் இரண்டாம் முறை சோறு கேட்டால் பரிமாறுகிறவர் நம் பரம்பரையையே மனதுக்குள் திட்டிக்கொண்டு வைப்பார். இந்த ஊர்க்காரர்கள் சோற்றில் காட்டும் தாராளத்தைப் பெண்களைப் பற்றிய பேச்சிலும் கொஞ்சம் காட்டக்கூடாதா?

கராஜ் பெரியதுதான். கண்ணாடி அறை, குளிர்சாதனம், சுவரில் சான்றிதழ். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். கைப்பிடியை நெருங்கியதும் அம்மன் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார். தீர்ப்பு உடனே வந்தது: "உங்கட பக்கம் கிரவல் றோட்டு. தூசி அடைக்குது. வேற ஒண்டும் இல்லை. பேட் மாத்துவம்."

"தூசி சிவப்பு, இது கறுப்பு" என்றேன்.

"ஆர் ஓடுறது?"

"நான்தான்" என்றாள் புவனா.

"ஆ" என்றார். அந்த ஒரு எழுத்தில் எல்லாம் இருந்தது. பேட் மாற்றவே வேண்டாம் என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். கோபத்தில் ஓட்டக்கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்கிறவள் நான். அன்று அது எனக்கு நினைவில்லை. மாங்குளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் இரண்டு நெல்மூட்டையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பக்கத்தில் சேர்ந்தார். இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "அக்கா, பிறேக்கை விட்டிட்டு ஓடுங்கோ! மாங்குளத்தில இருந்து பாக்கிறன், உங்கட லைட் அணையவே இல்லை!"

எனக்கு வந்த கோபத்தில் வலது கையை அப்படியே பிடியில் இருந்து எடுத்து, ஐந்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "பாருங்க! என் கை பிரேக்லயே இல்ல!"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிப் பின்விளக்கைப் பார்த்தார். "அப்ப ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு மூட்டைகளோடு போய்விட்டார்.

நான் வண்டியை ஓரத்து மர நிழலில் நிறுத்தினேன். உண்மையில் நல்ல கேள்வி அது. இத்தனை நாளும் எல்லோரும் அந்த விளக்கைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த ஒருவருக்காவது அவள் கையையும் பார்க்கத் தோன்றவில்லை. விளக்கு எரிந்தால் அவள்தான் பிடிக்கிறாள் என்று முடிவு கட்டியாகிவிட்டது. அவ்வளவு சுலபம்.

வண்டியை நடுஸ்டாண்டில் ஏற்றி, புவனாவைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைச் சுற்றினேன். அசையவில்லை. பாட்டில் தண்ணீரைப் பிரேக் தட்டில் தெளித்தேன். தோசைக்கல் மாதிரிச் சீறியது. பிரேக் கைப்பிடியை வெளிப்பக்கமாக விரலால் தள்ளினேன். வரவில்லை. கட்டை விரலால் முழுப் பலத்தோடு தள்ளினேன். ஒரு அரிசி அகலம் வெளியே வந்தது. பின்விளக்கு அணைந்தது. சக்கரம் சுற்றியது.

கையை எடுத்தேன். விளக்கு மறுபடி எரிந்தது. பிரேக் கைப்பிடியின் மூட்டில் குறுக்கே கிடந்து, அதைத் திரும்பி வரவிடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது அம்மன் நூல். டிஸ்க் பிரேக்கில் கைப்பிடி முழுதாக வெளியே வந்தால்தான் உள்ளே போன ஆயில் திரும்பி வர வழி திறக்கும். கொஞ்சம் குறைந்தாலும் வழி அடைபட்டுவிடும். சக்கரம் சூடேறச் சூடேற ஆயில் விரிந்து பேட்டை இன்னும் நெரிக்கும். பேட் தேயும், கரி கொட்டும், ஒருநாள் சக்கரமே இறுகிவிடும். இந்த வருட வைகாசிப் பொங்கலுக்குக் கட்டியபோது, நழுவாமல் இருக்கட்டும் என்று பிரேக் கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள். அன்று தொடங்கியதுதான் எல்லாம். இரண்டு மெக்கானிக்கும் அந்த நூலுக்கு மரியாதை செய்துவிட்டு, குற்றத்தை அவள் தலையில் வைத்தார்கள்.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று கத்தினேன். புவனாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அத மட்டும் தொடாதீங்கக்கா" என்றாள்.

வீடு வரைக்கும் நான் வலது கட்டை விரலால் கைப்பிடியை வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். விரல் மரத்துப்போனது. விளக்கு எரியவில்லை, வாடை வரவில்லை, ஒரு தடவைகூட நிறுத்தாமல் வந்து சேர்ந்தோம்.

மாலையில் சமையலறை வாசலில் வைத்துச் சண்டை போட்டோம். "அது தானா அறுந்து விழணும். நாம அறுக்கக்கூடாது" என்றாள். "அன்னைக்கு நான் விழுந்தப்ப எதிர்ல டிப்பர் லாரி வந்துச்சு. என் தலைக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. என்னைக் காப்பாத்துனது அந்த நூல்தான்."

"உன்னை விழ வச்சதே அந்த நூல்தான்டி!"

"நீங்க ஒரு வாரத்துல ஊருக்குப் போயிருவீங்க. தினமும் அந்தக் காட்டுப் பாதையில தனியா போறவ நான். எனக்கு வேற யாரு இருக்கா?"

அவளைப் பாதுகாக்க வேண்டிய எல்லோரும் கைவிட்டபின் ஒரு மஞ்சள் நூலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். அதை அறு என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? ஆனாலும் கை துறுதுறுத்தது. அரிவாள்மனை கண் முன்னாலேயே இருந்தது. வண்டி என்னுடையதல்ல, பயமும் என்னுடையதல்ல. சித்தப்பா மட்டும், "நாளைக்குக் கூட்டத்துல நூலப் பத்திப் பேசாத புவனா. நம்ம ஆளுகளுக்கு அம்மன் மேல மரியாத இல்லன்னு சொல்லுவாங்க" என்றார். அவர் அந்த ஊரில் ஒரு வாழ்நாளைக் கழித்தவர். இன்னும் தோட்டத்தில் இருந்து வந்தவர்களை "நம்ம ஆளுக" என்று தணிந்த குரலில்தான் சொல்கிறார். அது எனக்குப் பிரேக்கைவிடப் பெரிய கொதிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டம் பால் நிலையத்தின் முன் தகரக் கொட்டகையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பிளேன்ரீ என்கிற பாலில்லாத தேநீர், ஒரு தட்டில் பன். பால் தருகிற பெண்கள் ஓரமாக நின்றார்கள், நாற்காலிகளில் ஆண்கள். சங்கத் தலைவர் யாழ்ப்பாணப் பக்கம் இருந்து வந்து குடியேறிய விவசாயி. மெல்லிய குரல், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "புவனா நல்ல பிள்ளை. நான் இல்லை எண்டு சொல்லேல்லை" என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினாலே முடிவு தெரிந்துவிடும். "ஆனால் ஓட்டம் சரியில்லை. பின்னால போற ஆக்கள் எல்லாரும் சொல்லுகினம், பிறேக் லைட் அணையிறதே இல்லையாம். பயத்தோட ஓடுற ஆளிட்ட ஊர்ப் பாலைக் குடுக்கேலாது."

நான் எழ முயன்றேன். புவனா என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டு, தானே எழுந்தாள். "அண்ணை, சாவி இந்தாங்கோ. நீங்களே ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ."

"நானோ? ஏன் பிள்ளை?"

"உங்களுக்குப் பயம் இல்லைத்தானே."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சந்தி வரை போய்த் திரும்பி வந்தார். போகும்போது பின்விளக்கு எரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். வரும்போது முன்சக்கரம் முனகியது. எல்லோரும் கேட்டார்கள்.

"பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டே ஓடுறியள் அண்ணை" என்றாள் புவனா.

"ஆர்? நான் தொடவே இல்லை!"

"நானும் தொட்டதில்லை" என்றாள். "இவ்வளவு நாளும் அதைத்தான் சொன்னனான். நீங்கள் சொன்னவுடன எல்லாரும் நம்புகினம். நான் சொன்னா ஒருத்தரும் நம்பேல்லை."

பிறகு கட்டை விரலால் கைப்பிடியைத் தள்ளி விளக்கு அணைவதைக் காட்டினாள். விட்டு, எரிவதைக் காட்டினாள். நூலைப் பார்த்ததும் யாரும் கிட்ட வரவில்லை. அவள் கைப்பையில் இருந்து ஒரு பிளேடை எடுத்தாள். வீட்டிலேயே எடுத்து வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். நூல் சீக்கிரம் அறுபடவில்லை, உள்ளே மரம் மாதிரி இறுகியிருந்தது. நான் உதவப் போகவில்லை. அறுத்து முடித்து, ஒரு துண்டும் கீழே விழாமல் கைக்குட்டையில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டாள். கைப்பிடி டக்கென்று வெளியே வந்தது. ஆற விட்டு, வண்டியை நடுஸ்டாண்டில் ஏற்றி, நான் பின்னால் அழுத்த, அவள் முன்சக்கரத்தைத் தட்டிவிட்டாள். அது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

இப்போது தலைவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அது சரி பிள்ளை. ஆனால் அம்மாளின்ர நூலை வெள்ளிக்கிழமையில அறுத்துப் போட்டியே" என்றார் அதே மெல்லிய குரலில். "இனி அந்த வண்டிக்குப் பால் ஊத்தச் சனம் யோசிக்கும். உங்கட ஆக்கள் இதெல்லாம் பாக்கமாட்டினம், இஞ்ச சனம் பாக்கும்."

நான் என்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. கூடலூர்ச் சந்தையில் கற்ற தமிழ் அது. தலைவர் கையை உயர்த்தி முடித்துவைத்தார்: "நாளைக்கு ஓடு. சனம் பால் தந்தா ரூட் உனக்கு. தராட்டி நான் ஒண்டும் செய்யேலாது." ஓட்டத் தெரியவில்லை என்ற வழக்கில் தோற்றவர், அடுத்த நிமிடம் அம்மனைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு புது வழக்குப் போடுகிறார். பெண்கள் ஒன்றும் பேசாமல் கலைந்து போனார்கள். அதுதான் புவனாவை வாட்டியது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடியலில் மறுபடி கேன்களுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்தேன். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. முதல் படலை தவமணி அக்காவுடையது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருடம் தவறாமல் நடந்தே போகிறவர் என்றும், வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டினாலே ஏசுவார் என்றும் புவனா வழியில் சொல்லியிருந்தாள். அவர் தராவிட்டால் அந்தத் தெருவில் ஒருவரும் தரமாட்டார்கள். படலை திறந்தே இருந்தது. பால் வாளியை ஒரு கையில் பிடித்தபடி, நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். வாளியை நீட்டவில்லை. நூல் இல்லாத கைப்பிடியையே பார்த்தார். புவனா இறங்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே இருந்தாள். அவள் முதுகு என் முன்னால் விறைத்திருந்தது.

"நூலை என்ன செய்தனி?" என்று கேட்டார் தவமணி அக்கா.

"வச்சிருக்கிறன் அக்கா. திங்கக்கிழமை வற்றாப்பளைக்குக் கொண்டு போய்க் குடுக்கப் போறன்."

"ம். இப்ப பிறேக் பிடிக்குதோ?"

"பிடிக்குது அக்கா."

"விட்டா விடுதோ?"

"விடுது."

அவர் வாளியைச் சரித்தார். பால் நுரையோடு கேனுக்குள் இறங்கியது. புவனா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். தவமணி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னத்துக்கு அழுறாய்? தலைவர் சொன்னதைக் கேட்டோ? அம்மாளாச்சிக்கு வேற வேலை இல்லையே, உன்ர பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கு? போ பிள்ளை, கெதியாப் போ. அடுத்த வீட்டிலயும் பால் கறந்து வச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கினம்."